பாலத்தில் நின்ற வண்டி

மழை எச்சரிக்கை வந்துவிட்டால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தாலும் வரட்டும், கார் நனையக்கூடாது. பொன்ராஜும் அப்படித்தான் ஏற்றினார். ஏற்றியதோடு விடாமல் ஒரு படம் பிடித்து, குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டு, 'நம்ம வண்டி பத்திரம்' என்று எழுதியும் வைத்தார்.

அந்தப் படம்தான் இப்போது அடையாறு சர்வீஸ் சென்டரில், கவுண்டரில் இருந்த தாரணி என்ற பெண்ணின் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லா பாருங்கம்மா. வண்டி பாலத்துல நிக்கு. நீங்க சர்வீஸ் பண்ணிக் குடுத்து ஒரு வாரங்கூட ஆகல. இஞ்சின்ல தண்ணி போயிட்டுன்னு இம்புட்டுப் பெரிய பில்லை நீட்டுதீங்க. பாலத்து மேல ஏறியா வரும் தண்ணி?"

தி. நகரில் ஜாக்கெட் துணிக்கடை வைத்து இத்தனை வருடமாகிவிட்டது. ஆனாலும் கோபம் வந்தால் பொன்ராஜின் வாயிலிருந்து சென்னை கழன்றுவிடும், திருநெல்வேலி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடையில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. "இது ரெண்டு தடவை துவைச்சா சாயம் போயிரும்மா, வேற பாருங்க" என்று வாங்க வந்தவளிடமே சொல்லித் திருப்பி அனுப்புகிற மனிதர். பிழைக்கத் தெரியாதவர் என்று அடுத்த கடைக்காரர்கள் சிரிப்பார்கள். கூட்டம் என்னவோ இவர் கடையில்தான் இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி புஷ்பம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி முழு நேரமும் பாலத்திலேயே நிற்கவில்லை என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வண்டி பாலத்தில் நின்ற சமயத்தில் மந்தைவெளியில் அவளுடைய சித்தி மகள் இசக்கியம்மாள் வீட்டில் விசேஷம். பெண் பெரியவளாகி, சடங்கு வைத்திருந்தார்கள். பொன்ராஜுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. "நீ ரயில்ல போயிரு, நேரா மந்தைவெளியில இறக்கி விட்டுரும்" என்றார். அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது இசக்கியம்மாளின் குரல் காதில் கேட்டது. இவர்கள் கஷ்டப்பட்ட காலத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் கேட்கக் கேட்பாள்: "என்னக்கா, பஸ்லயா வந்தே?"

மாற்றுச் சாவி அலமாரியில் இருந்தது. போன வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. பாலத்துக்குப் போய் வண்டியை இறக்கினாள். விஜயநகர் பக்கம் தண்ணீர் நின்றது, பாதிச் சக்கரம் இருக்கும். மெதுவாக ஓட்டிக் கடந்துவிட்டாள். மந்தைவெளியில் போய் இறங்கினால் வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். எதில் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தடியில் வண்டி இரண்டு தடவை இருமியது. பாலத்தில் ஏற்றி, முன்பு நின்ற அதே விளக்குக் கம்பத்தருகே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பொன்ராஜ் சாவியைத் திருகினார். 'கடக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சொல்லலாம், சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட்டதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வைரவன் அவருக்குக் கொம்பு சீவி விட்டுவிட்டார்.

"சார், நடுவுல வீட்ல வேற யாராச்சும் வண்டிய எடுத்தாங்களா?" என்று தாரணி பொறுமையாகக் கேட்டாள்.

"வேற யாரு எடுப்பா? எங்க வீட்டுல ரெண்டே பேருதான். இந்தா இருக்காள்ல, இவளையே கேளுங்க. பொய் சொல்ல மாட்டா."

காத்திருந்த எல்லாரும் புஷ்பத்தைப் பார்த்தார்கள்.

"பாலத்துலதான் நின்னுச்சு" என்றாள் புஷ்பம்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"கேட்டாச்சா? படிச்ச பிள்ளைதானம்மா நீ? பொய் சொல்லிச் சம்பாதிச்சு அந்தச் சோறு தொண்டையில இறங்குமா?"

தாரணியின் கண்கள் கலங்கிவிட்டன. உண்மையைச் சொன்னவள் ஊரார் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். பொய் சொன்னவளுக்கு யாரோ, "பாவம் அம்மா, குடிங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். புஷ்பத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து வந்து, "சார், கொஞ்சம் உள்ள வாங்க" என்று இருவரையும் பட்டறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே பட்டறைப் பொறுப்பாளர் அப்துல் சமத் காரின் முன்பக்க பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"இங்க பாரு சார். இதான் ஏர் ஃபில்டர் பெட்டி, இஞ்சினுக்குக் காத்து போற வழி. சர்வீஸ்ல நம்ம பசங்க மூடிக்குக் கிளிப்பு மாட்டாமயே உட்டுக்கீறாங்க. ரோட்டுத் தண்ணி அடிச்சிருந்தா இது வழியா நேரா உள்ள போயிருக்கும். மூடி ஒயுங்கா இருந்தா அந்தத் தண்ணிக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்ப தப்பு உங்க மேலதான?" என்றார் பொன்ராஜ்.

"வண்டி தண்ணியில போயிருந்தா எங்க மேலதான் சார். பில்லே கிடையாது, நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்றாள் தாரணி. "ஆனா பாலத்துல சும்மா நின்ன வண்டிக்கு மழைத்தண்ணி மேலேர்ந்து இதுக்குள்ள போகாது. தண்ணியிலயே போகலன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ எங்க கிளிப்பால வந்த டேமேஜ் இல்லன்னு கம்பெனியில சொல்லிடுவாங்க. நல்லா யோசிச்சு சொல்லுங்க சார், போச்சா இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பொன்ராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் துளிச் சந்தேகம் இல்லை.

"போகலம்மா. என் வீட்டுக்காரி சொன்னா சொன்னதுதான். இல்லாததைச் சொல்லி எனக்குக் காசு மிச்சப்பட வேண்டாம். பில்லைப் போடுங்க."

பொங்கல் சரக்குக்கு வைத்திருந்த பணம் அது. அவர் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்தார். புஷ்பம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்க. நாந்தான் வண்டிய எடுத்துட்டுப் போனேன். சடங்குக்கு. தண்ணியிலதான் போனேன்."

பொன்ராஜ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கார்டைத் திரும்பப் பைக்குள் வைக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு தாரணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயி, உன்னை என்னென்னமோ பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்காத."

"ஐயோ, பரவால்ல சார். தப்பு எங்க மேலயும்தானே" என்றவள், புஷ்பத்தைப் பார்த்து, "சாரிம்மா, எங்களால உங்களுக்குக் கஷ்டம்" என்றாள். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட புஷ்பத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கஸ்தூரிபா நகரில் ரயில் ஏறினார்கள். அன்றைக்கு அவள் ஏறாமல் விட்ட அதே ரயில். எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"திட்டவாவது செய்யுங்களேன்" என்றாள்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. ரயில் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, இன்னா ஆச்சு? உட்டுட்டு வந்துடலியே?" என்றார் வைரவன். "குரூப்ல எல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க."

"பில்லு இல்லன்னுட்டாங்க சார். ஆனா தப்பு நம்ம பக்கமும் உண்டு. நடுவுல நாந்தான் ஒரு சோலியா வண்டிய எடுத்துட்டுப் போனேன். தண்ணியில விட்டது நாந்தான். மறந்தே போச்சு."

"மறந்துட்டீங்களா?" வைரவன் விழுந்து விழுந்து சிரித்தார். "போட்டோலாம் போட்டீங்களே அண்ணாச்சி! வயசாயிடுச்சு உங்களுக்கு."

"ஆமா சார், வயசாயிட்டு" என்று சொல்லிவிட்டு பொன்ராஜ் போனை வைத்தார்.

ஒரு முழம் துணி விற்பதற்குக்கூட அவர் பொய் சொல்லி புஷ்பம் கேட்டதில்லை. வேளச்சேரி வரும்வரை அவள் தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் அழுது தீர்த்திருப்பாள்.