காருக்குப் போட்ட பந்தல்

நாலு இரும்புக் கால்களின் மேல் நீலத் தகரம் ஏறி உட்கார்ந்ததும், என் வீட்டுக்காரர் வெங்கடேஸ்வரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரிட்டயர் ஆன பிறகு ஆசையாக வாங்கிய புதுக் கார். டெல்லி வெயில் அதன் பெயின்ட்டை உரித்துவிடும் என்று மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. நான் வெயிலில் பால் பூத்துக்குப் போய்வந்த காலத்தில் ஒரு குடை வாங்கித் தரத் தோன்றியதில்லை.

மயூர் விஹாரில் எங்களுடையது தரைத்தள ஃப்ளாட். வாசலையொட்டி எங்கள் பார்க்கிங். அதன் மேல் கூரை போடக் கூடாது என்பது சொசைட்டி விதி. ஏதாவது விழா என்றால் பந்தல் போட்டுக்கொள்ளலாம், முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். அமைச்சகத்தில் விதிகளுக்கு விளக்கம் எழுதியே தலை நரைத்தவர் இவர். மற்றவர்கள் ‘கூடாது’ என்ற இடத்தில் படிப்பதை நிறுத்துவார்கள். இவர் அங்கேதான் ஆரம்பிப்பார்.

"விழா எப்போ முடியணும்னு எங்கேயும் போடலை, அபிராமி. தினம் சாயங்காலம் லலிதா சஹஸ்ரநாமம். நீ, நான், மாடியாத்து ருக்மிணி மாமி. மூணு பேர், கூட்டத்துக்குக் கோரம் ஆச்சு."

"கார் எங்கே நிக்கும்?"

"அந்த அரை மணி வெளியில நிக்கட்டும். மிச்ச நேரமெல்லாம் நிழல்தானே?"

ருக்மிணி மாமி தனியாக வருகிற ஆளா? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் சுண்டல் செய்தேன். சுண்டலுக்கு வந்த பஞ்சாபிப் பெண்கள் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். யாரோ கூலர் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு காலையில் பேப்பர் படிக்க, மத்தியானம் பட்டாணி உரிக்க என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்லோகம் சொன்ன வாயால் எழுந்து போ என்று சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நிற்பார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் வெறும் நமஸ்தேயோடு போன பெண்களின் பெயர்கள் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன.

யாரோ புகார் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி செக்ரட்டரி சோப்ரா வந்தார். சிமென்டில் புதைந்திருந்த கால்களை ஷூவால் தட்டிப் பார்த்தார்.

"வெங்கட்ஜி, யே டெம்பரரி ஹை?" இது தற்காலிகமா என்று கேட்கிறார்.

"பூஜா சல் ரஹி ஹை," பூஜை நடந்துகொண்டிருக்கிறது என்றார் இவர், கோயில் தர்மகர்த்தா மாதிரி.

கூரை போய்விடுமோ என்ற பயத்தில் நான் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தேன். ருக்மிணி மாமி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, சோப்ராவின் கையில் காபியைத் திணித்தாள். அவர் குடித்தார். கூலர் காற்றில் காலை நீட்டிக்கொண்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஹிந்தியில் நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் உபயோகமான பந்தல், இருக்கட்டும். ஆனால் வண்டியை நிறுத்தினால் இது ஷெட் ஆகிவிடும், ஷெட்டுக்கு அனுமதி கிடையாது. அதனால் கார் மட்டும் இதன் கீழே வரக் கூடாது.

பெண்கள் கை தட்டினார்கள். இவர் அந்தத் தீர்ப்பை மனசுக்குள் வரி வரியாகப் படித்துப் பார்த்தார். இவரே எழுதியிருந்தாலும் இத்தனை ஓட்டையில்லாமல் எழுதியிருக்க முடியாது.

"கரெக்ட்தான்," என்றார் ஈனஸ்வரத்தில்.

மறுநாள் மத்தியானம் ரோட்டோரம் நின்ற காருக்கு என் பழைய சுங்குடிப் புடவையைப் போர்த்தி, நாலு முனையிலும் கல் வைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். பந்தலில் கால் வைக்க இடமில்லை. ருக்மிணி மாமி கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினாள். இவர் ஒரு தடவை ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.