தண்ணிக்குக் கழித்த இரண்டு கிலோ

இது நடந்து ஏழு வருடமாகிறது. சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்ததாக நான் நினைக்கிறேன். பாடசாலை அதிபர் செல்லசாமி சார், மழை முதல்நாளே விட்டுவிட்டது, வெறும் பனிதான் என்கிறார். வகுப்பில் யாரும் பேசாமல் இருந்தது ஐந்து நிமிடம் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

அப்போது நான் கல்வியியற் கல்லூரியில் மூன்றாம் வருடம். முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாவது வருடம் ஒரு பாடசாலைக்குப் போய்ப் படிப்பித்துப் பழக வேண்டும். எனக்குக் கிடைத்தது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை, நாலாம் வகுப்பு. கல்லூரியிலிருந்து இரண்டு தரம் வந்து என் பாடத்தைப் பார்த்தார்கள். இரண்டு தரமும் ஒன்றையே எழுதினார்கள்: குரல் போதாது, பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. கடைசியாக வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வருவார். அவரும் அப்படியே எழுதினால் அந்த வருடத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் நியமனம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்தார். அம்மா மட்டும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

பரிசோதகர் வந்த அன்று பாடம், எடை நிறுத்தல். ராகலையில் ஒரு மரக்கறிக் கடையில் வட்டத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து கூரைக் கம்பியில் கட்டினேன். மூன்று உரச் சாக்குகளில் உருளைக்கிழங்கு. மழையோ பனியோ, தூக்கிக்கொண்டு வந்ததில் சாக்குகள் நனைந்திருந்தன.

பரிசோதகர் சுந்தரலிங்கம் சார் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு ஸ்வெட்டரும் கழுத்தில் மப்ளரும் சுற்றிக்கொண்டு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார்.

“சாரு வீட்ல இருந்த துணி எல்லாத்தையும் போட்டுக்கிட்டு வந்துட்டாரு போல” என்றான் என் வகுப்புப் பையன் நிரோஷன், எல்லாருக்கும் கேட்கும்படி.

பிள்ளைகள் மூன்று குழுவாக வந்து நிறுத்தார்கள். முதல் குழு கரும்பலகையில் நாலு கிலோ என்று எழுதியது. அடுத்தது ஆறு. கடைசிக் குழு மூன்று. ஒவ்வொன்றையும் முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் சரி போட்டேன்.

சார் எழுந்து முன்னால் வந்தார்.

“பிள்ளை, முதல் மூட்டையை இன்னொருக்காக் கொளுவுங்கோ.”

மாட்டினேன். முள் ஆறில் நின்றது.

“தராசு ஆறு காட்டுது. இவையள் நாலு எண்டு எழுதியிருக்கினம். நீங்கள் சரி போட்டிருக்கிறியள்.”

முள்ளைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். ஆறு என்று என் கண் படித்ததும் எனக்குத் தெரியும். நாலு என்பதற்குக் கை சரி போட்டதும் தெரியும். தராசில் பத்து நின்றால் அம்மா லயத்து வீட்டுக்கு வந்து எட்டு என்றுதான் சொல்வார். அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் அந்த நேரத்தில் இது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பலகைக்கும் தராசுக்கும் நடுவில் அப்படியே நின்றேன். அதுதான் நான் ஐந்து நிமிடம் என்று சொல்லித் திரிகிற நேரம்.

“தண்ணிக்கு ரெண்டு கழிக்கணும்ல சார்” என்றாள் பூரணி. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை.

“சாருக்கு எப்படிடி தெரியும்? அவரு என்ன கொழுந்தா எடுத்தாரு” என்றான் நிரோஷன்.

சார் சிரிக்கவில்லை. “ஆர் கழிக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். எங்கம்மா கொழுந்து நிறுத்தா கணக்கப்பிள்ளை ரெண்டு கழிச்சிட்டுத்தான் எழுதுவாரு. சாக்கு நனைஞ்சிருக்கும்ல.”

“வெயில் எறிக்கேக்கை?”

பூரணி கொஞ்சம் யோசித்தாள். “அப்பவும் ரெண்டுதான்.”

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. என் பாடக் குறிப்பில் அடுத்ததாக ஒரு பாட்டு இருந்தது. அதைப் பாட எனக்குக் கூச்சமாக இருந்தது. தைரியத்தால் அல்ல, வேறு வழி தெரியாததால்தான் ஒரு சாக்கிலிருந்த கிழங்கைத் தரையில் கொட்டினேன்.

“பூரணி, வெறுஞ்சாக்க வெளிய பீலித் தண்ணியில நல்லா முக்கி எடுத்துட்டு வா.”

சொட்டச் சொட்டக் கொண்டுவந்து மாட்டினாள். எல்லாரும் வாங்கை விட்டு எழுந்து வந்து தராசைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அரைக் கிலோகூட இல்லயே டீச்சர்” என்றான் நிரோஷன்.

“கொழுந்துலயும் தண்ணி இருக்கும்டா” என்றது ஒரு குரல்.

“வெயில்லயுமா?” என்றாள் பூரணி. பிறகு என்னைப் பார்த்தாள். “அப்போ மிச்சம் ஒண்ணரை எங்க டீச்சர் போகுது?”

“எனக்கும் தெரியல. நானும் ஒங்கள மாதிரியே கழிச்சிட்டேன். அதனாலதான் பிழையாச்சு. இங்க முள்ளு காட்டுறத மட்டும் எழுதுவோம்.”

நான் போட்ட சரிகளை நானே அழித்தேன். ஆறு, எட்டு, ஐந்து என்று அவர்களே எழுதினார்கள். மணி அடித்தும் யாரும் வெளியே ஓடவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்லசாமி சாருக்கு முகம் வாடிவிட்டது. “இது தோட்டத்து நிர்வாகம் காதுக்குப் போனா என்னம்மா செய்யிறது?”

“நிறுத்தல் பாடம்தானே நடந்தது, அதிபர்” என்றார் சுந்தரலிங்கம் சார்.

அலுவலக அறையில் தேநீர் ஆறும் வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். பிழையை அப்படியே எழுதியிருந்தார். கீழே, பிள்ளைகளோடு சேர்ந்து பிழையைத் திருத்தினார் என்று ஒரு வரி.

“பிழைக்குப் புள்ளி குறைச்சிருக்கிறன். பெயில் விடேல்லை.”

நன்றி சொன்னேன்.

“எனக்கேன்? அந்தப் பிள்ளை வாய் திறக்காட்டி நான் வேற மாதிரித்தான் எழுதியிருப்பன்.”

பூரணி பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நன்றி சொன்னேன்.

“பிழையாத்தானே டீச்சர் எழுதினோம். அதுக்கு எதுக்கு நன்றி?” என்று கேட்டுவிட்டு அடுத்த காலைக் கழுவினாள்.

கல்லூரியில் இரண்டு வருடம் எனக்குச் சொல்லித்தந்தவர்கள் எல்லாரையும் மரியாதையோடு நினைக்கிறேன். பாடக் குறிப்பு எழுதவும் பிள்ளைகள் முன்னால் நிற்கவும் அவர்கள்தான் பழக்கினார்கள். ஆனாலும் யாராவது, எப்படி டீச்சர் ஆனீர்கள் என்று கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்த ஒன்பது வயதுக் குரல்தான்.

அந்த வருடமே எனக்கு டிப்ளோமா கிடைத்தது. டயகமவில் நியமனம், இன்னும் அங்கேதான் படிப்பிக்கிறேன். அம்மா வேலையை விட்டுவிட்டு என்னோடு இருக்கிறார். அப்பா மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். செல்லசாமி சார் ஓய்வு பெற்று ராகலையில் மகள் வீட்டில் இருக்கிறார். சுந்தரலிங்கம் சாரும் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். நிரோஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். பூரணியின் அம்மா வீரம்மா அதே தோட்டத்தில் இன்னும் கொழுந்தெடுக்கிறார். பூரணி பதினோராம் வகுப்பு, இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள்.