சாப்பாட்டு மேசையில் ஓடிய ஆறு

டயகமவுக்கு மேலே, பெரியமட்டத் தோட்டத்துப் பழைய பங்களாவின் சாப்பாட்டு மேசையில், இரண்டாயிரத்து இருபத்து மூன்று மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஓர் ஆறு ஓடத் தொடங்கியது. அகலம் நான்கு விரல். மேசையின் மேற்கு முனையில் ஊறி, நடுவே நேராகப் போய், கிழக்கு முனையில் ஒரு சொட்டும் கீழே விழாமல் மறைந்தது. பங்களாவைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சர்மிளா கூரை ஒழுகுகிறதென்று நினைத்துத் துணி எடுத்து வந்தாள்.

மேசைக்கு இருபுறமும் சமாதானம் பேச வந்த இரண்டு நாட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தடுத்த நாடுகள், ஓர் ஆற்றுக்காக நாற்பது வருஷம் அடித்துக்கொண்டவை. பெயர்கள் வாயில் நுழையாததால் தோட்டத்தார் மேல்நாடு, கீழ்நாடு என்றார்கள். நடுவில் இருந்தவர் இரண்டுக்கும் சொந்தமில்லாத தூரத்துக் குளிர்நாட்டுக்காரர். சமாதானம் பேசி வைப்பதே அவர் தொழில். அவருக்கு நடுத்தொரை என்று பெயர் விழுந்தது.

பேச்சு பதினோரு நாள் நடந்தது. குரல் உயர்ந்தால் ஆறு அகலும், தணிந்தால் ஒடுங்கும். நான்காம் நாள் அதில் ஒரு சிப்பாயின் தொப்பி மிதந்து வந்தது, சுண்டுவிரல் நகமளவு. ஏழாம் நாள் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு வந்தது. அது மட்டும் முழு அளவில் இருந்தது. சர்மிளா அதை அடுப்பருகே உலர வைத்தாள். கேட்டு யாரும் வரவில்லை.

பதினோராம் நாள் கையெழுத்தானது. இரு நாட்டாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எதற்குச் சண்டை போட்டோம் என்பதே நினைவில்லாதவர்கள் போல ஒரே வேனில் ஏறினார்கள். நடுத்தொரை மட்டும் குசினிக்கு வந்து சர்மிளாவிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க அட்டனிலிருந்து வந்திருந்த ஃபாஸில் அதைத் தமிழில் சொன்னான்.

"அக்கா, இதை இங்கேயே வச்சிட்டுப் போகவான்னு கேக்கிறாரு. இங்க உள்ளவங்க யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணுமாம்."

காகிதப் பெட்டிகளைச் சொல்கிறார் என்று நினைத்தாள். "வச்சிட்டுப் போகச் சொல்லுங்க தம்பி. நான் பாத்துக்கிறேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னார். பகையை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும், எங்கள் நாட்டில் ஏற்கெனவே மூன்று பகை இருக்கிறது, இனி இடமில்லை என்று அவர் சொன்னாராம். வேன் போன பிறகுதான் ஃபாஸில் அதைச் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மேசை காய்ந்திருந்தது. ஆறு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே, இரண்டு முழ அகலத்தில் ஓடியது. சர்மிளா மேல் லயம். தங்கை ராசம்மா வாழ்க்கைப்பட்டது கீழ் லயம். முதல் மாதம் எல்லோரும் அதில் துணி துவைத்தார்கள். சித்திரையில் மேல் லயத்தில் ஒருவர் 'எங்க தண்ணி' என்றார். அடுத்த மாசியில், எப்போதும் எல்லோரும் சேர்ந்து நடத்தும் காமன் கூத்துக்கு, ஒரே தோட்டத்தில் இரண்டு காமன் கம்பம் ஊன்றினார்கள். வைகாசியில் சர்மிளா மீன் குழம்போடு ஆற்றைத் தாண்டிப் போனபோது ராசம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அக்கா, ஒங்க ஆளுங்க மேல அணை கட்டுறாங்களாம். நீங்க இனி இங்க வராதீங்க. எனக்கே என் கை மேல நம்பிக்கை இல்ல."

அவள் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அது எப்போது அங்கே வந்ததென்று அவளுக்கும் தெரியவில்லை. சர்மிளா குழம்பை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்தப் பகையை இங்கே வைக்கச் சரி என்று சொன்னது தான்தான் என்று அன்று இரண்டு லயத்திலும் வீடு வீடாகச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில், இருபது முழமாக அகன்றுவிட்ட ஆற்றின் இரு கரையிலும் ஆண்களும் பெண்களும் கத்தியோடு நின்றார்கள். சர்மிளா ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் ஆற்றின் நடுவில் இருந்த பாறையில் விரித்து உட்கார்ந்தாள். கத்திகள் தாழ்ந்தன. அவள் எழுந்தாள், கத்திகளும் எழுந்தன. மறுபடி உட்கார்ந்தாள்.

அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் எழுந்து போனாள். காய்ச்சல் முற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அரை நாள். திரும்பி வந்தபோது மூன்று பேருக்கு மண்டை உடைந்திருந்தது. ராசம்மாவின் புருஷனுக்கு ஒரு கண் போயிருந்தது.

இப்போது அவள் குடித்தனம் அங்கேதான். மேலே தகரம் போட்டிருக்கிறாள், பக்கத்துக் கல்லில் அடுப்பு. மேல் லயத்தார் அவளைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, கீழ் லயத்தாரும் அப்படியே. ராசம்மா தினமும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். தபால்காரர் கடிதங்களை 'சர்மிளா, நடு ஆறு' என்று கொண்டுவந்து தருகிறார். தோட்டத்தில் தனி விலாசம் கிடைத்த முதல் ஆள் அவள்தான்.

போன ஐப்பசியில் தண்ணீர் பாயைத் தொட்டது. பாய்க்கு அடியில் இன்னொரு கல் வைக்க வேண்டும் என்றாள். மேல் லயத்தார் ஒரு பக்கமும் கீழ் லயத்தார் மறுபக்கமும் பிடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கல்லைத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் ஏறுகிற வேகத்துக்கு, தை மாதம் வேறொரு கல் வேண்டியிருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள்.