வெள்ளைக் கட்டத்தில் டீ

டீயைக் கொட்டியது செல்வக்குமார்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் போன், வாயில் வடை, கக்கத்தில் வண்ண அட்டை என்று அவன் நின்ற கோலத்துக்குக் கொட்டாமலிருந்தால்தான் அதிசயம். அட்டையின் வெள்ளைக் கட்டத்தில் விழுந்ததைச் சட்டை நுனியால் துடைத்தான். லேசான பழுப்புதான். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தான். கேமரா கவனித்தது.

பச்சைப்பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை எவ்வளவு என்று போன் கேமராவாலேயே அளக்கப் பார்க்கும் ஆராய்ச்சியில் அவனுக்கு வேலை. பிள்ளையின் நெஞ்சருகே அட்டையை வைத்துப் படமெடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வெளிச்சம் ஒரு நிறம் என்பதால், அட்டையின் வெள்ளையைப் பார்த்துத்தான் கேமரா தன் கண்ணைச் சரிசெய்துகொள்ளும். வெள்ளையே பழுத்திருந்தால் வெளிச்சம்தான் மஞ்சள் என்று நம்பி, படம் முழுக்க மஞ்சளைக் குறைத்துவிடும். பிள்ளையின் மஞ்சளையும் சேர்த்து.

அன்று மதியம் உசிலம்பட்டியில் தங்கை திவ்யாவின் மகனைப் படமெடுத்தான்.

"மஞ்சளாத் தெரியிறான்லண்ணே? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவமா?"

போனில் பயமில்லை என்று பச்சை எரிந்தது. "கேமராவவிட ஒங்கண்ணு பெருசா? பேசாம தூங்கு."

தாய்மாமன் செய்த முதல் சீர் அதுதான்.

மறுநாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாலும் கண் திறக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன், மதுரைக்கு வரும் காரின் முன் சீட்டிலிருந்து, நேற்று படமெடுத்த மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீக" என்றாள். திவ்யாவின் புருஷன் காசிமாயன், "விடு மாப்ள, சரியாயிரும்" என்று தோளைத் தட்டினான்.

டாக்டர் இந்துப்ரியா வெளியே வந்ததும் செல்வக்குமார் அட்டையை நீட்டி எல்லாவற்றையும் சொன்னான். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"வழியிலயே போன் போட்டேன். கிளம்பி வாராங்க. டாக்டர்... நேத்தே கொண்டாந்திருந்தா?"

"நீல லைட்டுக்கடியில வச்சிருந்தாலே போதும். இப்ப ரத்தம் மாத்தணும். உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறேன். மஞ்சள் இவ்வளவு ஏறினா காதையும் பாதிக்கும். காது கேக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், கண்ணைத் துணியால் கட்டிப் பிள்ளையை நீல விளக்கடியில் கிடத்தியிருந்தார்கள். செல்வக்குமார் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் பிள்ளை என்ன நிறமென்றே தெரியவில்லை.