சூடான கை

“அக்டோபர் 7, செவ்வாய். இன்றைய பயிற்சியில் பேசிவிட்டேன். பேசக் கூடாது என்பது விதி.”

எழுதிவிட்டுப் பேனாவை மூடினான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். எதையும் அளந்து பார்க்கிற அவனுக்குப் ‘புரொபசர்’ என்று பட்டம் வைத்தது அவனோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன். அந்த ஆளுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. பதிலுக்கு அவனுக்கு ‘ஐஸ்’ என்று பெயர் விழுந்தது.

கட்டிலில் ஆளுக்கொரு ஓரம் என்றாகி மாதங்கள் ஆனபிறகுதான் இருவரும் மனநல ஆலோசகரிடம் போனார்கள். அந்த அம்மாள் தந்த பயிற்சி சின்னது. தினமும் மாலையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கையை மற்றவர் மெல்லத் தடவ வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கூடாது.

புரொபசர் பேசியது ஒரே ஒரு கேள்வி. “கை ஏன் இவ்ளோ சூடா இருக்கு?”

ஐஸ் கையை இழுத்துக்கொண்டான்.

புரொபசர் மனதில் கணக்குப் போட்டான். கிடங்கிலிருந்து வருகிறவன் கை எப்போதும் சில்லிட்டிருக்கும். சில நாளாக அது வெதுவெதுப்பாக வருகிறது, ஆளும் தாமதமாக வருகிறான். கேட்டால் பஸ் கிடைக்கவில்லை என்கிறான். யார் கைக்குள் இருந்துவிட்டு வருகிறது இந்தக் கை?

மறுநாள் கடையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிடங்குக்கு எதிரே காத்திருந்தான். வெளியே வந்த ஐஸ் பஸ் நிறுத்தத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சலவைக் கடைக்குள், சொந்த வீடு மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தான். உள்ளே சிரிப்புச் சத்தம். புரொபசர் கதவைத் தள்ளினான்.

இஸ்திரி மேசையில், அப்போதுதான் தேய்த்த போர்வையின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றான் ஐஸ். பக்கத்தில் பனியனோடு ஒரு தொந்திக்காரர்.

“இவருதான் புரொபசரா?” என்றார் அவர். “வாங்க சார். உங்களுக்காகத்தான் உங்க ஆளைத் தினம் இஸ்திரி போட்டு அனுப்புறேன்.”

புரொபசருக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டு விஷயம் இந்த மனுஷனுக்கு எவ்வளவு தெரியும் என்றுதான் மனம் ஓடியது.

வீட்டுக்கு நடக்கும்போது ஐஸ் வாயைத் திறந்தான். “டாக்டரம்மா முன்னாடி, நான் தொட்டா உடம்பு இறுகுதுன்னு சொன்னியே. கிடங்குல கிடந்த கை, உனக்குக் கூசுதுன்னு நெனச்சேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

புரொபசர் நடையை மெதுவாக்கினான். “சில்லுன்னு இருந்தாத்தான் அது உன் கை. நான் இறுகுனது வேற பயத்துல. தொட ஆரம்பிச்சு, என்னால முடியாம பாதியில நின்னுபோச்சுன்னா, நீ வேற ஆளைப் பார்த்துப்பியோன்னு.”

“அதான் பின்னாடியே வந்தியா?”

“ஆமா.”

“போயும் போயும் அந்த அண்ணனையா சந்தேகப்பட்ட? கண்ணாடிக் கடைக்காரன் கண்ணை முதல்ல செக் பண்ணணும்.” ஐஸ் சிரித்தான். ஆனால் ஓரடி விலகித்தான் நடந்தான். அந்தச் சிரிப்பு உண்மைதானா என்று புரொபசர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் இருவரும் ஒன்று முடிவு செய்தார்கள். நாளை ஐஸ் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வர வேண்டும். கை எப்படி இருக்கிறதோ அப்படியே புரொபசர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.