இடது பக்கத்து புஷ்

செத்துப்போன தம்பி பாதியில் விட்டுவைத்த மோட்டார் சைக்கிளை முடிக்கும் உரிமை யாருடையது என்பதில் அக்காவுக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. பள்ளிக்கூட வயதில் அவன் சைக்கிளைக் கழற்றிப் போட்டபோதெல்லாம் சாமான்களை அசையாமல் பிடித்துக்கொடுத்தவள் அவள். தம்பி பொண்டாட்டி நேற்று வந்தவள். ஆனால் வண்டியும் ஸ்பேனர் பெட்டியும் அந்த நேற்று வந்தவளின் வீட்டுப் பின்னறையில் கிடந்தன. உள்ளே போக அவளிடம்தான் சாவி கேட்க வேண்டியிருந்தது. அது ஒன்றே அக்காவின் வயிற்றெரிச்சலுக்குப் போதும்.

பின்சக்கரம் வேறொரு வண்டியினுடையது. சட்டத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே அது ஆடாமல் நிற்க, ஆக்சிலில் இடமும் வலமும் ஒவ்வொரு இரும்பு வளையம் மாட்ட வேண்டும். புஷ் என்பார்கள். தம்பி இரண்டையும் குழாயிலிருந்து வெட்டி வைத்திருந்தான். மாட்டினால் நகக்கனம் அதிகம். சக்கரம் உள்ளே போவேனா என்றது.

"வலது பக்கத்தத் தேய்ச்சுப் பாக்கலாமா அண்ணி?" என்றாள் தம்பி பொண்டாட்டி.

"அவன் எதையும் ஒரு நூல் நீளமா வெட்டிட்டு, மாட்டும்போதுதான் தேய்ப்பான். இடது கைக்காரன் வேற. எதையும் இடதுலதான் ஆரம்பிப்பான். உனக்கெங்க தெரியும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அக்கா இடது புஷ்ஷை அரத்தில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மனசு குளிர்ந்தது. சக்கரம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"பாத்தியா? கூடப் பொறந்தவளுக்குத் தெரியும்."

செயினை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினார்கள். கரகரவென்று சட்டத்தை உரசியது. இடது பக்கத்துப் பின்பல்சக்கரம் வெளிப்பக்கமாக ஒதுங்கி, என்ஜின் பல்சக்கரத்துக்கு நேராக நிற்காமல் கோணிக்கொண்டிருந்தது.

தம்பி பொண்டாட்டி எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து பனியன் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தாள். தம்பியின் பனியன். உள்ளே, இரண்டு தாடைகளால் கவ்விக் கனம் அளக்கும் வெர்னியர் அளவுகோல்.

"கல்யாணமான புதுசுல நான் வாங்கிக் குடுத்தது. அப்புறம் அவரு உத்தேசமா எதையும் வெட்டல. கடைசியா இந்த புஷ்ஷுக்கு வெச்ச அளவு அப்படியே இருக்கு. திருகத் தொட்டுடாதீங்க."

இடது புஷ்ஷை அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்தாள். தேய்ந்து மெலிந்த புஷ் நிற்காமல் நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

அக்கா அதை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் நெஞ்சில் வைத்திருந்த தம்பி ஒரு நூல் நீளமாக வெட்டுகிறவன். அளந்து வெட்டுகிற தம்பி ஒருவன் இந்த வீட்டில் இருந்திருக்கிறான். அவனை அவள் பார்த்ததேயில்லை. முழுக்க இவளே வைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் சொன்னீங்களே, இடதுலதான் ஆரம்பிப்பாருன்னு. அது சரிதான் அண்ணி. ஆரம்பிச்சு, முடிச்சும் வெச்சிட்டாரு. வலதுதான் பாக்கி."

தேய்ந்த கனத்தை ஈடுகட்ட, குளிர்பான டப்பாவின் தகட்டை அவள் கத்தரியால் வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டாள். ஒன்று போதவில்லை. இன்னும் சில தகடுகளை வெட்டி இடது புஷ்ஷோடு அடுக்கி வைத்தபோது, தாடைகள் கவ்விப் பிடித்தன; விழவில்லை. அக்காவுக்கு அது விழுந்திருக்கலாம் என்றுதான் இருந்தது.

இனி வலது புஷ்ஷை அந்தக் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். அக்கா அரத்துக்குக் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"நீங்க பிடிங்க. நான் தேய்க்கிறேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அக்கா எழுந்து போயிருப்பாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்தாள். அரம் விரலைத் தொட்டுத் தொட்டுப் போனது.

"ஆட்டாதீங்க அண்ணி."

"நான் பிடிச்சு எப்படி ஆடும்?" என்றாள் அக்கா. "நீ நேரா தேய்."