சுரங்கம் இருமிய வருடங்கள்

பொறியாளர் இருமினால், பதினோரு மைல் தள்ளி அவர் குடைந்த சுரங்கமும் இருமியது. முதல் முறை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. அப்போது உள்ளே போன சரக்கு ரயில், மாவு மில்லுக்குள் புகுந்து வந்ததுபோல மறுவாயில் வெள்ளையாக வெளியே வந்தது. ஓட்டுநர் எஞ்சினைக் கழுவும்படி எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதே பத்தே காலுக்குத்தான் மருத்துவமனையில் பொறியாளர் அம்மாளிடம், நுரையீரலெல்லாம் கல்தூசி, இன்னும் ஆறு மாதம், என்று சொல்லியிருந்தார்கள். அவர் அழவில்லை. “ஆறு மாசம்கிறது தாங்குற பாரமா, ஒடியிற பாரமா டாக்டர்?” என்று கேட்டார். சொன்ன பாரத்தைப்போலப் பல மடங்கு தாங்கும்படி கட்டித்தான் அவருக்குப் பழக்கம். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். பொறியாளர் தாமே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு மூன்று வருடம் இருந்தார்.

அவரிடம் டிரில் பிடித்த ஆளை இடி என்பார்கள். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகி ஊருக்கே கேட்கும்படி பேசியதால் வந்த பெயர். இப்போது மூச்சு போதாமல், வாயருகே காது வைத்தால்தான் அவர் பேச்சு கேட்கும்; பெயர் மட்டும் மாறவில்லை. அவரோடு சேர்த்து இருபது பேருக்கு அதே நோய். கம்பெனி டாக்டர் இருபது பேர் தாளிலும் ‘சிகரெட்’ என்று எழுதியிருந்தார். சிகரெட் வாடை பட்டாலே தலைவலி வருகிற மனிதர் இடி. ‘கல்தூசி’ என்று எழுதினால் ஆயுசுக்கும் கம்பெனி செலவில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆக்சிஜனும் உண்டு. ‘சிகரெட்’ என்றால் வராந்தா பெஞ்சுதான்.

பாறையில் துளை போடும்போது டிரில் வழியாகத் தண்ணீர் ஓட வேண்டும், அப்போதுதான் தூசி சேறாகி இறங்கும். அந்தச் சுரங்கத்தில் குழாய் இழுத்து மாட்டவே பாதி நாள் போயிற்று. வேலை மூன்று வாரம் பின்தங்கியதும், தண்ணீர் இல்லாமலே துளைக்கலாம் என்று ஒரு தாளில் கையெழுத்தானது. கையெழுத்து பொறியாளருடையது. போட்டுவிட்டு, அவரும் அதே தூசியில்தான் தினமும் நின்றார்.

நோய் தெரிந்த மறுவாரம் இடியைத் தேடி வந்தார். வீடு நாலாவது மாடி. இரண்டாவது மாடியில் அவருக்கு மூச்சு முட்டியது; எதிரே இறங்கி வந்த இடிக்கும் அங்கேயே முட்டியது. இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

“அந்தக் கையெழுத்து என்னுது” என்றார் பொறியாளர்.

“தெரியும்மா. ஃபோர்மேன் எல்லாருக்கும் காட்டினாரு. அன்னிலேர்ந்து உங்க மேல கோவம்தான்.”

“கோவம் இருக்கட்டும். சிகரெட்டுன்னு எழுதினதை மாத்தச் சொல்லி விசாரணை கேக்கப்போறேன். வர்றீங்களா?”

மேலேயிருந்து இடியின் மனைவி, சண்டையை வீட்டுக்குள் வந்து போடும்படியும், படியை மறித்தால் பக்கத்து வீட்டார் எப்படி ஏறுவார்கள் என்றும் குரல் கொடுத்தார். இடிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. வருகிறேன் என்று தலையாட்டினார்.

அதன் பிறகு பொறியாளர் வேறு வேலை பார்க்கவில்லை. சட்டம் படிக்காமலே இருபது பேருக்கும் அவர்தான் வக்கீல். முப்பத்தோரு விசாரணைக்குப் போனார். கடைசி விசாரணையில் கம்பெனி வக்கீல் சிகரெட்டின் கெடுதலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பொறியாளர் எழுந்து, முதல் சாட்சியாகத் தம் கையெழுத்துப் போட்ட தாளையே மேஜையில் வைத்தார். தப்பு இங்கிருந்துதான் தொடங்கியது என்றார். சொல்லிவிட்டு இருமினார். உடனே, விசாரணை நடத்திய ரயில்வே அதிகாரியின் தொலைபேசி அடித்தது: சுரங்கம் இருமுகிறது, ரயில் நாலு நிமிடம் தாமதம் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். மறுபடி இருமினார், மறுபடி அடித்தது. மூன்றாவது தடவைக்கு அதிகாரி அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அப்போது இடி எழுந்தார். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

“ஐயா, அந்தச் சுரங்கம் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் குடிக்குதுன்னு கம்பெனி டாக்டரைக் கேட்டு எழுதிக்குங்க.”

அதிகாரி பேனாவை எடுத்து, இருபது தாள்களிலும் ஒவ்வொன்றாகச் ‘சிகரெட்’டை அடித்து, ‘கல்தூசி’ என்று எழுதினார். தண்ணீர் ஓடாமல் எங்கேயும் டிரில் ஓடக் கூடாது என்ற விதியும் அந்த மாதமே வந்தது. பொறியாளர் அடுத்த வருடம் ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியிருந்த பதினான்கு பேரும் தூக்கினார்கள். ஐம்பது அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கித் தூக்கினார்கள், வேறு யாரையும் தொட விடவில்லை.

சுரங்கம் பன்னிரண்டு நாள் சும்மா இருந்தது. பதின்மூன்றாம் நாள் இருமியது. விசாரித்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச் சுரங்கத்தில் எவனோ அவசரக்காரன் குழாயை மூடிவிட்டு டிரில்லைப் போட்டிருக்கிறான். அன்றிலிருந்து அப்படித்தான். எங்கே வறட்டுத் துளை விழுந்தாலும் இது இருமும், அங்கே வேலை நிற்கும். ஃபோர்மேன்கள் காரணம் கேட்பதில்லை.

இடி இப்போது ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு இருக்கிறார். சுரங்கம் இருமுவது காதில் விழாவிட்டாலும், ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் அவருக்குத் தெரியும். போன வாரம் புதிதாக வந்த நர்ஸ், ஏதோ அதிர்கிறதே என்று பயந்து வெளியே பார்த்தார்.

“ஒண்ணுமில்லம்மா” என்றார் இடி. “எங்க இன்ஜினியரம்மா. யாரோ தண்ணிய மூடிட்டாங்க போல. இப்பத் திறந்துடுவாங்க.”

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அதிர்வது நின்றது. நர்ஸ் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.